பிலிப்பைன்ஸ் லோலாக்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போர்க்காலத்தில் பெண்களுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் பிலிப்பைன்ஸ் பாட்டிகளின் கதையைச் சொன்னால், ஊர் எதுவானாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஓர் இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று இதை எழுதினேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். சில கேள்விகள் காயப்படுத்தக்கூடியவை. ஆனால் அவற்றைக் கேட்டவர்கள் பெரும்பாலும் தெரியாமல்தான் கேட்டார்கள், அதனால் அவற்றையும் விடவில்லை.

லோலா என்றால் யார்? எந்தப் போரைச் சொல்கிறீர்கள்?

தகலோக் மொழியில் லோலா என்றால் பாட்டி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1941 டிசம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைத் தாக்கியது. 1942 ஜனவரி 2 அன்று தலைநகர் மணிலா அதன் கைக்குப் போனது. 1945 வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்பில் ஜப்பான் ராணுவம் உள்ளூர்ப் பெண்களைப் பிடித்துப்போய், முகாம்களிலும் கைப்பற்றிய கட்டடங்களிலும் அடைத்துவைத்து, நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியது. ராணுவம் இவர்களுக்கு வைத்த பெயர் ‘ஆறுதல் பெண்கள்’. ஐநா அறிக்கைகள் இதைப் பாலியல் அடிமைத்தனம் என்றே சொல்கின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அப்போது அவர்களில் பலர் பதின்வயதுச் சிறுமிகள். உலகத்தின் முன் வந்து பேசியபோது அறுபதைத் தாண்டிப் பேரப்பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். அதனால்தான் நாடு முழுக்க அவர்களை லோலா என்றே அழைக்கிறது.

இது கொரியாவில்தானே நடந்தது?

கொரியப் பெண்களின் வழக்குதான் உலகுக்கு அதிகம் தெரியும். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக் சுன் என்ற கொரியப் பெண்மணி தன் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசினார். மற்ற நாட்டுப் பெண்களுக்கு வாய் திறக்க வழி செய்தது அதுதான். ஆனால் ஜப்பான் ராணுவம் போன இடமெல்லாம் இது நடந்தது: சீனா, தைவான், இந்தோனேசியா, மலாயா, பர்மா, பிலிப்பைன்ஸ். இந்தோனேசியாவில் இருந்த டச்சுப் பெண்களும் தப்பவில்லை.

பிலிப்பைன்ஸில் மொத்தம் எத்தனை பேர்?

சுமார் 1,000 பேர் என்று ஊடகங்களில் அடிக்கடி பார்க்கலாம். அதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவம் தோற்று ஓடும்போது ஆவணங்களை எரித்துவிட்டுப் போனது. எத்தனையோ பெண்கள் கொல்லப்பட்டார்கள், இன்னும் பலர் யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, முன்வந்து வாக்குமூலம் கொடுத்தவர்களின் கணக்குதான். லீலா பிலிப்பினா என்ற அமைப்பு பதிவு செய்தவர்கள் 174 பேர். மபானிகி கிராமத்துப் பெண்கள் சுமார் 90 பேர் தனியாக மலாயா லோலாஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். (மலாயா என்றால் அவர்கள் மொழியில் விடுதலை பெற்ற என்று பொருள், மலேசியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

வேலை தருகிறோம் என்று ஏமாற்றித்தானே கூட்டிப் போனார்கள்? காசும் கொடுத்ததாகச் சொல்கிறார்களே?

ஏமாற்றிக் கூட்டிப்போனதாகக் கொரியாவில் நிறையச் சாட்சியங்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் பெரும்பாலும் அந்தப் பூச்சு வேலைகூட இல்லை. அங்கே ஜப்பானை எதிர்த்துக் கெரில்லாப் போர் தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. கெரில்லாக்களைத் தேடி ஊருக்குள் புகுந்த படை, ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களை இழுத்துக்கொண்டு போனது. துணி துவைக்கும்போதும், சந்தைக்குப் போகும் வழியிலும், சோதனைச்சாவடியிலும் பிடிபட்டவர்கள் உண்டு.

பனாய் தீவின் அந்திகே மாகாணத்தைச் சேர்ந்த தொமாசா சாலினோக்கின் சாட்சியம் ஒன்று போதும். அவருக்கு அப்போது 13 வயது. அவரை விடமாட்டேன் என்று மறித்த தந்தையை அவர் கண்ணெதிரே வாளால் வெட்டினார்கள். இந்தப் பெண்ணிடம் போய்க் காசு கொடுத்தார்களா என்று கேட்க முடியுமா?

மபானிகி என்று சொன்னீர்களே, அங்கே என்ன நடந்தது?

மணிலாவுக்கு வடக்கே பம்பங்கா மாகாணத்தில் கண்டாபா நகராட்சிக்கு உட்பட்ட சின்ன விவசாயக் கிராமம் அது. ஹுக்பலஹாப் என்ற விவசாயிகளின் கெரில்லாப் படைக்கு ஆதரவான ஊர் என்று ஜப்பான் ராணுவம் முத்திரை குத்தியிருந்தது. 1944 நவம்பர் 23 அன்று ஊரைச் சுற்றி வளைத்துப் பீரங்கியால் சுட்டார்கள். ஆண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள்.

அப்புறம் கொள்ளையடித்த பொருட்களைப் பெண்கள் தலையிலேயே ஏற்றி, பக்கத்து புலக்கான் மாகாணத்தில் சான் இல்டெபோன்சோவில் இருந்த ஒரு பெரிய மரவீடு வரை நடத்திப் போனார்கள். சிவப்புச் சாயம் பூசிய அந்த வீட்டை மக்கள் பஹாய் ந புலா, அதாவது சிவப்பு வீடு, என்று சொல்வார்கள். ஒரு நாள் முதல் மூன்று வாரம் வரை அந்தப் பெண்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். விட்டதும் திரும்பி வந்தார்கள். வீடும் இல்லை, பலருக்கு அப்பாவும் இல்லை.

இவ்வளவு நடந்திருக்கு, ஐம்பது வருஷம் ஏன் வாயே திறக்கவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, சந்தேகக் குரலில் வருவதும் இதுதான். என் பதில்: அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்பதைவிட, பேச விடாமல் வைக்கப்பட்டார்கள் என்பதே சரி. வீட்டுக்குத் திரும்பிய பெண்ணிடம் அம்மாவே முதலில் சொன்னது, யாரிடமும் சொல்லாதே என்பதுதான். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற பயம் அந்தத் தாய்க்கு. கற்பைப் பெண்ணின் தலையில் சுமத்திய கத்தோலிக்கச் சமூகம் அது. விஷயம் வெளியே கசிந்த பெண்களை ‘ஜப்பான்காரன் மிச்சம்’ என்று ஊரே கேலி செய்தது. குற்றம் செய்தவன் கப்பலேறிப் போய்விட்டான், அவமானம் மட்டும் ஊரில் தங்கி இந்தப் பெண்கள் தலையில் உட்கார்ந்துகொண்டது.

அரசியல் காரணமும் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட அதே ஹுக்பலஹாப் இயக்கத்தை 1948இல் பிலிப்பைன்ஸ் அரசே தடை செய்தது. மபானிகி மாதிரியான ஊரிலிருந்து ஒரு பெண், எங்களுக்கு இப்படி நடந்தது என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வாள்? 1972இல் ஜனாதிபதி மார்கோஸின் ராணுவச் சட்டம் வந்தது. எண்பதுகளில் பெண்கள் இயக்கம் வலுத்த பிறகுதான், இதைக் கேட்கும் காதுகளே அந்த நாட்டில் உருவாயின. சொல்ல ஆள் இருந்தால் போதாது, கேட்க ஆள் வேண்டும். வயிற்றுப்பாடு வேறு இருந்தது. துணி வெளுத்தும், வீட்டுவேலை பார்த்தும், வயலில் கூலிக்குப் போயும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இவர்கள்.

கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, சாதாரணமாகத்தானே வாழ்ந்தார்கள்? அப்படியென்றால் மறந்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

மறக்கவில்லை. வெளியே தெரியாமல் சுமந்தார்கள். அவர்களுடைய வாக்குமூலங்களைப் படித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். இரவில் அலறி எழுவது. சீருடை போட்டவரைக் கண்டால், அது தபால்காரராகவே இருந்தாலும், உடம்பு நடுங்குவது. கணவன் தொட்டாலே உறைந்துபோவது. காரணம் தெரியாத கணவன் சந்தேகப்படுவான், தெரிந்த கணவன் குத்திக்காட்டுவான். பலரை விட்டுப் போய்விட்டார்கள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு, சாலினோக் அவர்களில் ஒருவர். கர்ப்பப்பையில் ஏற்பட்ட சேதத்தால் குழந்தை இல்லாமல் போனவர்கள், வாழ்நாள் முழுக்க அடிவயிற்று வலியோடு இருந்தவர்கள், அடிபட்ட எலும்பு கோணலாகவே சேர்ந்தவர்கள் என்று உடம்பும் கணக்கு வைத்திருந்தது.

பிள்ளைகளுக்கு அம்மா ஏன் இப்படி இருக்கிறாள் என்று புரியாது. ஏன் எப்போதும் கதவைத் தாழ் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள், ஏன் மகள்களை வெளியே அனுப்ப மறுக்கிறாள், ஏன் சட்டென்று கோபம் வருகிறது. காரணம் தெரியாமலே அந்தப் பயத்துக்குள் வளர்ந்த பிள்ளைகள் நிறைய. இதை நான் இந்தக் கதையின் ஓரமாக நினைக்கவில்லை. காயம் ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை என்பதற்கு அந்த வீடுகளே சாட்சி.

முதலில் வெளியே வந்து பேசியது யார்?

மரியா ரோசா லூனா ஹென்சன். 1927இல் பிறந்தவர். நிலக்கிழார் ஒருவருக்கும் அவர் வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். 1942 பிப்ரவரியில், விறகு பொறுக்கப் போன இடத்தில் 14 வயது ரோசாவை ஜப்பானிய வீரர்கள் வன்புணர்ந்தார்கள். அதன்பிறகு அம்மாவோடு பம்பங்காவுக்குப் போனவர், ஹுக்பலஹாப் இயக்கத்தில் சேர்ந்து மருந்தும் உணவும் தகவலும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

1943 ஏப்ரலில் ஒரு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தார். மேலே சோள மூட்டைகள், உள்ளே மறைத்துவைத்த ஆயுதங்கள். சோதனைச்சாவடி வண்டியைப் போகவிட்டது, இவரை மட்டும் திரும்பக் கூப்பிட்டது. மறுத்தாலோ கத்தினாலோ வண்டியைச் சோதிப்பார்கள், கூட வந்தவர்கள் செத்துப்போவார்கள். அதனால் இறங்கிப் போனார். ஒன்பது மாதம். முதலில் மருத்துவமனையாக இருந்த கட்டடம், அப்புறம் ஓர் அரிசி ஆலை. பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை வீரர்கள் வரிசையில் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அங்கே இருந்தபோதும், பக்கத்து ஊரைக் கொளுத்தப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததை வழியில் போன ஒரு முதியவரிடம் சொல்லி ஊரைக் காலி செய்ய வைத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது சித்திரவதை. 1944 ஜனவரியில் கெரில்லாக்கள் அவரை மீட்டார்கள். தலையில் பட்ட அடியால் வெகுகாலம் பேச்சே சரியாக வரவில்லை.

பின்பு சிகரெட் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தார். 1992இல் வானொலியில் ஓர் அறிவிப்பு கேட்டார்: இப்படி நடந்தவர்கள் வெட்கப்பட வேண்டாம், தவறு உங்களுடையது அல்ல, முன்வாருங்கள் என்று. அன்றைக்கு அழுதவர் பல நாள் யோசித்து, முதலில் தன் மகளிடம் சொன்னார். 1992 செப்டம்பர் 18 அன்று செய்தியாளர்கள் முன் உட்கார்ந்தார். பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார், படங்களும் அவரே வரைந்தார். 1997 ஆகஸ்டில் இறந்தார்.

ஒருத்தர் பேசினதும் மற்றவர்களும் எப்படி வந்தார்கள்? ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததாகச் சிலர் சொல்கிறார்களே?

ரோசாவைத் தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் பார்த்த பெண்கள், எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று முதன்முறையாகத் தெரிந்துகொண்டார்கள். பல பெண்கள் அமைப்புகள் சேர்ந்து 1992இல் ஒரு பணிக்குழு அமைத்திருந்தன. அதன் வழியாக லூசோன், பனாய், லெய்ட்டே என்று பல தீவுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். 1994இல் லோலாக்களே தங்கள் அமைப்பாக லீலா பிலிப்பினாவைத் தொடங்கினார்கள்.

சொல்லிக்கொடுத்தது என்ற குற்றச்சாட்டு நிற்காது. வேறு வேறு மொழி பேசுகிற, ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத கிராமத்துப் பெண்கள் அவர்கள். முன்வந்ததால் பலருக்கு வீட்டில் கிடைத்தது சண்டைதான். இந்த வயதில் இதை ஏன் கிளறுகிறாய், எங்கள் மானம் போகிறதே என்று பெற்ற பிள்ளைகளே கேட்டார்கள். பேரனைப் பள்ளியில் கேலி செய்தார்கள். பொய் சொல்லி இதை வாங்கிக்கொள்ள யாருக்காவது மனம் வருமா?

வாய்ச்சொல்லைத் தவிர எழுத்தில் ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. 1992 ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி ஜப்பான் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்திலிருந்தே ராணுவத்தின் பங்கைக் காட்டும் தாள்களை வெளியிட்டார். பிலிப்பைன்ஸைப் பொறுத்தவரை, பனாய் தீவின் இலோய்லோ நகரில் 1942இல் ராணுவம் பெண்களை அடைத்துவைத்திருந்த ‘ஆறுதல் நிலையங்களின்’ விதிமுறைகளும், அங்கிருந்த பெண்களின் உடல்பரிசோதனைப் பட்டியல்களும் கிடைத்திருக்கின்றன. பெண்கள் காலையில் குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட எல்லைக்குள்தான் நடக்கலாம் என்று அந்த விதிமுறை சொல்கிறது. காலாற நடப்பதற்கே நேரமும் எல்லையும் வைத்துவிட்டு, விருப்பப்பட்டு வந்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

1993 ஆகஸ்ட் 4 அன்று ஜப்பான் அமைச்சரவையின் தலைமைச் செயலர் கோனோ யோஹேயும், ராணுவத்துக்கு இதில் பங்கு உண்டு, பல பெண்கள் விருப்பத்துக்கு மாறாகவே சேர்க்கப்பட்டார்கள் என்று அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைப் பின்னாளில் மழுப்பப் பார்த்தவர்கள் உண்டு. பிரதமர் ஷின்சோ அபே 2007இல் பலவந்தத்துக்கு ஆதாரம் இல்லை என்ற தொனியில் பேசினார். ஆனால் கோனோ அறிக்கை இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

வயதானவர்கள் தேதி மாற்றிச் சொல்கிறார்கள், முன்னுக்குப் பின் முரண் இருக்கே?

ஆமாம், சில சாட்சியங்களில் மாதம் மாறும், எத்தனை நாள் என்பது மாறும். 13 வயதில் ஓர் அறையில் அடைபட்டவளிடம் காலண்டர் இருந்திருக்காது. பயத்தில் உறைந்த மனம் தேதியைப் பதிவு செய்யாது. ஜன்னல் எந்தப் பக்கம், படிக்கட்டு எப்படி, பூட்ஸ் சத்தம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் வைத்துக்கொள்ளும். அந்த விவரங்களில் இவர்கள் தடுமாறுவதில்லை. முரண்களைத் தேடுவது தவறில்லை, ஆய்வாளர்கள் தேடத்தான் வேண்டும். ஆனால் தேதி பிசகியதை வைத்து நடந்ததே இல்லை என்று முடிப்பது ஆய்வு ஆகாது.

போர் முடிந்ததும் போர்க்குற்ற விசாரணை நடந்ததே? அப்போதே தண்டித்திருக்கலாமே?

மணிலாவில் 1945 இறுதியில் பிலிப்பைன்ஸில் ஜப்பான் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் யமாஷிதா மீதான விசாரணை நடந்தது. 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். அந்த விசாரணையில், 1945 பிப்ரவரியில் நகரப் பெண்களை பேவியூ ஹோட்டலில் அடைத்து வன்புணர்ந்ததைப் பற்றிப் பெண்களே சாட்சி சொன்னார்கள். ஆக, அதிகாரிகளுக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கிராமங்களிலும் முகாம்களிலும் மாதக் கணக்கில் நடந்த அடிமைத்தனத்தைத் தனிக் குற்றமாக எடுத்து விசாரிக்கவில்லை. அந்தப் பெண்களைத் தேடியும் யாரும் போகவில்லை.

ஜப்பான்தான் மன்னிப்புக் கேட்டு, பணமும் கொடுத்துவிட்டதே?

பாதி உண்மை. 1995இல் ஆசியப் பெண்கள் நிதி என்று ஒன்றை ஜப்பான் அமைத்தது. 1996 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸில் வழங்கத் தொடங்கினார்கள். ஆளுக்கு 20 லட்சம் யென், மருத்துவ உதவியாக இன்னொரு 12 லட்சம் யென், பிரதமர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம். அங்கே 211 பெண்களுக்குக் கிடைத்தது. 2007இல் நிதியை மூடிவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த 20 லட்சம் ஜப்பானியப் பொதுமக்கள் கொடுத்த நன்கொடை. அரசுப் பணம் மருத்துவ உதவிக்கு மட்டும்தான். கடிதம் பேசியது தார்மீகப் பொறுப்பைப் பற்றி, சட்டப் பொறுப்பைப் பற்றி அல்ல. குற்றம் செய்தது அரசு, நன்கொடை கொடுத்தது மக்கள் என்றால் அது எப்படி இழப்பீடு ஆகும் என்பது லோலாக்களின் கேள்வி. அதிலும் மருத்துவ உதவி கொரியா, தைவான் பெண்களுக்கு 30 லட்சம் யென். விலைவாசி குறைவு என்று பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு 12 லட்சம்.

அப்படியென்றால் பணம் வாங்கியவர்கள் விலைபோனவர்களா?

இல்லை, அப்படிச் சொல்ல நமக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ரோசா ஹென்சன் வாங்கினார், முதலில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். சாலினோக் மறுத்தார். வறுமையிலேயே இருந்து 2007இல் இறக்கும்வரை வாங்கவில்லை. இந்த விஷயத்தில் லோலாக்களுக்குள் மனக்கசப்பு வந்ததும் உண்மை. மருந்துக்குக் காசில்லாத ஒரு பாட்டி 70 வயதில் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆனால் என் வழக்கு தொடரும் என்று சொன்னால், அதில் விலைபோவது எங்கே இருக்கிறது? இப்படி ஒரு தேர்வுக்கு அவர்களைத் தள்ளியதைத்தான் நான் குறை சொல்வேன்.

ஜப்பான் நீதிமன்றத்தில் வழக்குப் போடவில்லையா?

போட்டார்கள். 1993 ஏப்ரல் 2 அன்று டோக்கியோவில் 18 பேர் தொடங்கினார்கள், பின்னர் 46 பேர் ஆனார்கள். 1998இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2000இல் உயர் நீதிமன்றம், 2003 டிசம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம். சர்வதேசச் சட்டத்தின் கீழ் தனி மனிதர் நேரடியாக ஓர் அரசிடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணம்.

இடையில் 2000 டிசம்பரில் பெண்கள் அமைப்புகளே டோக்கியோவில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் நடத்தின. பல நாட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். பேரரசர் ஹிரோஹிட்டோ உட்படப் பலர் குற்றவாளிகள் என்று அது தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அரசுகள் கேட்க மறுத்ததை நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்த இடம் அது.

1956இலேயே ஒப்பந்தம் போட்டு ஜப்பான் ஈட்டுத்தொகை கொடுத்துவிட்டதே, மறுபடி கேட்பது நியாயமா?

1951இன் சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தையும், 1956 மே மாதம் கையெழுத்தான இழப்பீட்டு ஒப்பந்தத்தையும் வைத்துத்தான் ஜப்பான் இப்படி வாதிடுகிறது. 1956 ஒப்பந்தப்படி 20 வருஷத்தில் 55 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்களும் சேவைகளும் பிலிப்பைன்ஸுக்கு வந்தன. அதில் ஒரு காசும் இந்தப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கவும் முடியாது, அவர்கள் இருப்பதே அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் யாருடைய கணக்கிலும் இல்லை.

ஜப்பானை விடுங்கள், சொந்த அரசு இவர்களுக்காக என்ன செய்தது?

எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி இது. ஜப்பானிடம் எங்களுக்காக வாதாடுங்கள் என்று பிலிப்பைன்ஸ் அரசிடம் மலாயா லோலாஸ் கேட்டுப் பார்த்தார்கள். அரசு மறுத்தது. அவர்கள் தலைவி இசபெலிதா வினுயா பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரல் 28 அன்று தள்ளுபடி. வெளியுறவு விஷயத்தில் எப்போது யாருக்காக வாதாடுவது என்பது அரசின் விருப்பம், நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பின் சில பகுதிகள் வெளிநாட்டுச் சட்ட அறிஞர்களின் கட்டுரைகளிலிருந்து பெயர் குறிப்பிடாமல் எடுக்கப்பட்டவை என்று லோலாக்களின் வழக்கறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டுரைகள் பெண்களுக்குச் சாதகமாக வாதிட்டவை, தீர்ப்பில் எதிராகப் பயன்பட்டன என்பது அவர்கள் புகார். கெட்ட நோக்கம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் புகாரைத் தள்ளியது. கண்டித்து அறிக்கை விட்ட சட்டக்கல்லூரிப் பேராசிரியர்களிடமே விளக்கம் கேட்டது. மறுபரிசீலனை மனுவும் 2014இல் போய்விட்டது.

அதன்பின் 24 லோலாக்கள் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐநா குழுவிடம் போனார்கள். 2023 மார்ச் 8 அன்று அது வெளியிட்ட முடிவில், பிலிப்பைன்ஸ் அரசு இந்தப் பெண்களின் உரிமையை மீறியிருக்கிறது என்றது. பெரும்பாலும் ஆண்களான போர் வீரர்களுக்கு ஓய்வூதியமும் மரியாதையும் கொடுத்த அரசு, அதே போரில் சிதைக்கப்பட்ட பெண்களுக்கு அதற்கு ஈடாக எதையும் செய்யவில்லை என்பதை அது சுட்டிக்காட்டியது. முழு இழப்பீடு, அதிகாரபூர்வ மன்னிப்பு, நினைவிடம், பாடத்திட்டத்தில் இடம் என்று பரிந்துரைகளையும் வைத்தது. டோக்கியோவில் கேட்டுக் கிடைக்காத ஒரு பதில் மணிலாவுக்கு எதிராகக் கிடைத்தது.

மணிலாவில் ஒரு சிலை இருந்ததாமே?

2017 டிசம்பர் 8 அன்று, போர் தொடங்கிய அதே தேதியில், ரோஹாஸ் சாலையின் கடற்கரை நடைபாதையில் வைத்தார்கள். கண்கள் கட்டப்பட்டு நிற்கும் ஒரு பெண். ஜப்பான் ஆட்சேபம் தெரிவித்தது. 2018 ஏப்ரல் 27 இரவு சிலையைப் பெயர்த்துவிட்டார்கள். வடிகால் வேலைக்காக என்று விளக்கம் சொன்னார்கள். ஜனாதிபதி துதெர்தே, வைக்க விரும்பினால் தனியார் இடத்தில் வையுங்கள் என்றார். சிற்பியின் இடத்தில் இருந்த சிலை அப்புறம் காணாமலே போனது. லகூனா மாகாணத்தின் சான் பெட்ரோவில் 2018 டிசம்பரில் வைத்த இன்னொரு சிலை இரண்டு நாளில் அகற்றப்பட்டது.

சிவப்பு வீட்டில் பேய் இருக்காமே? வீடியோ பார்த்தேன்.

பேய் தேடிப் போகிறவர்களின் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மரச்சட்டங்களைப் பெயர்த்து எடுத்ததில் அந்த வீடு இப்போது எலும்புக்கூடாக நிற்கிறது. மேலே மபானிகி பற்றிச் சொன்னதைப் படித்தவர்கள் அங்கே என்ன நடந்தது என்று அறிவார்கள். அங்கே அடைபட்ட பெண்கள் உயிரோடு, சில மைல் தூரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே அவர்கள் அலறலைப் பேய்க்கதையாக்கிப் பொழுதுபோக்கினார்கள். அந்த வீடியோக்களைப் பகிராதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு நமக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தால்தான் அக்கறைப்பட வேண்டுமா என்று கேட்கத் தோன்றினாலும், ஒரு தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. போர்க்காலப் பாலியல் அடிமைத்தனம் பற்றி 1996இல் ஐநா மனித உரிமை ஆணையத்துக்கு அறிக்கை அளித்து, ஜப்பான் சட்டப் பொறுப்பை ஏற்று இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐநாவின் முதல் சிறப்பு அறிக்கையாளர் அவர்.

இப்போதுள்ள ஜப்பானியர்களைக் குற்றம் சொல்வது சரியா?

லோலாக்கள் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். டோக்கியோவில் அவர்களுக்காக வாதாடியவர்கள் ஜப்பானிய வழக்கறிஞர்கள். மேலே சொன்ன ஆவணங்களைத் தோண்டி எடுத்தவர் ஜப்பானியர். மக்கள் தீர்ப்பாயத்தை முன்னின்று நடத்தியதில் ஜப்பானியப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கோரிக்கை அரசிடம்தான்: நடந்ததை அரசாகச் சட்டப்படி ஒப்புக்கொள், பாடப்புத்தகத்தில் எழுது, ஈடு செய்.

கடைசி லோலாவும் இறந்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும் இல்லையா?

அதற்காகத்தான் அரசுகள் காத்திருக்கின்றன என்று லோலாக்களே வெளிப்படையாகச் சொன்னதுண்டு. வினுயா 2021இல் இறந்தார். இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர், எல்லோரும் 90ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். நேரில் சாட்சி சொல்ல இனி அதிகம் பேர் இல்லை.

ஆனால் கோரிக்கைகளில் பல ஆளோடு முடிகிறவை அல்ல. அரசின் மன்னிப்பு, நினைவிடம், பாடப்புத்தகம், எடுத்துப்போன சிலையை மறுபடி வைப்பது, இவற்றையெல்லாம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்க முடியும், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். வாக்குமூலங்கள் பதிவாகியிருக்கின்றன. 2023இன் ஐநா முடிவு பிலிப்பைன்ஸ் அரசின் மேசையில் இருக்கிறது. அதன் பரிந்துரைகளில் எதற்கும் காலாவதித் தேதி போடப்படவில்லை.